முத்தம் நீக்கிய பதிப்பு

தொண்ணூறுகளின் பிற்பாதியில் தி. நகரில் ஒரு கம்பெனியில் பிழை திருத்துபவளாக இருந்தேன். அமெரிக்காவிலிருந்து பழைய ஆங்கிலப் புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் வரும். எழுதியவர், அச்சடித்தவர், முதலில் வாங்கிப் படித்தவர் எல்லோரும் போய்ச் சேர்ந்து, பதிப்புரிமையும் போய்ச் சேர்ந்த புத்தகங்கள். அவற்றை ஸ்கேனரில் படம் எடுப்போம். படத்தில் இருக்கிற எழுத்தைக் கம்ப்யூட்டர் படித்து, டைப் அடித்ததுபோல் மாற்றித் தரும். அது கண்பார்வை மங்கிய குமாஸ்தா மாதிரி. புரியாத இடத்தில் தனக்குத் தோன்றியதைப் போட்டுவிடும். அந்தத் தப்புகளை மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதுதான் எங்கள் வேலை. திருத்தியதெல்லாம் சிடியில் ஏறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போகும். அங்கே ஒரு நிறுவனம் ஒரு நூலகத்தையே ஒரு தட்டில் அடைத்துப் பள்ளிக்கூடங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது.

என் அம்மா நங்கநல்லூரில் எல்லோரிடமும் "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். அது பொய்யில்லை. கம்ப்யூட்டருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷங்களில் கல்யாணச் சந்தையில் கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கு இருந்த மவுசு, நான் படித்திருந்த எம்.ஏ. ஆங்கில இலக்கியம் உண்டாக்கியிருந்த சேதத்தை ஓரளவு சரிக்கட்டியது.

அலுவலகம் பனகல் பார்க்குக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில். கடை, கட்டிடம், கம்பெனி மூன்றும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. கீழே எவர்சில்வர், எதிர்ச்சாரியில் அவருடைய ஜவுளிக்கடை, மாடியில் இலக்கியம். நியூ ஜெர்சியில் இருந்த மைத்துனர் சொன்னாரென்று இந்தத் தொழிலில் இறங்கியவர். புத்தகத்தையும் துணி மாதிரிதான் அவருக்குப் பார்க்கத் தெரியும். சாயந்திரம் மாடி ஏறி வந்து, "இன்னைக்கு எத்தன பக்கம் கிழிச்சிய?" என்று கேட்பார். ஜவுளிக்கடையில் கிழிப்பது என்றால் வியாபாரம் நடந்தது என்று அர்த்தம். அதனால் அவர் எங்களைக் கிண்டல் செய்யவில்லை என்று நம்பப் பார்த்தேன்.

உண்மையாகவே கிழிக்கிறவர் ஒருவரும் இருந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் ஏதோ அச்சகத்தில் இருந்துவிட்டு வந்த ஸ்கேனர் ஆபரேட்டர். புத்தகத்தின் முதுகைக் கட்டிங் மெஷினில் வைத்து ஒரே வெட்டில் எடுத்துவிட்டு, பக்கங்களைச் சீட்டுக்கட்டு போல உதறி ஸ்கேனருக்குள் விடுவார். எந்த மேதை எழுதியிருந்தாலும் அவருக்கு ஒரு வெட்டுதான்.

சுவரில் அமெரிக்காவிலிருந்து வந்த விதிகளை ஒட்டியிருந்தார்கள். எல்லாம் மூலத்தில் உள்ளபடியே வரவேண்டும். மூலத்தில் அச்சுப்பிழை இருந்தால் அதுவும் உள்ளபடியே வரவேண்டும். ஊழியர்கள் சொந்தமாக எதையும் யோசிக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்குப் பழக்கமானதுதான். கல்லூரியிலும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

விதிகளுக்குக் காவலராக நியமிக்கப்பட்டவர் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலப் பேராசிரியர். தரம் பார்க்கத் தகுதியான ஆள் வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து கேட்டிருந்தார்கள். பெயருக்குப் பின்னால் நிறைய எழுத்து போட்டுக்கொள்கிற ஒருவரைத் தேடி, மயிலாப்பூர் மாட வீதியில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார் முதலாளி. நாங்கள் சார் என்று கூப்பிட்டோம். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிய கடிகாரம், சட்டைப் பையில் சிவப்புப் பேனா. கம்ப்யூட்டரை அவர் தொடமாட்டார். நாங்கள் திருத்தி முடித்த பக்கங்களைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் சிவப்பு மையில் மறுபடி திருத்துவார். அதைப் பார்த்து நான் டைப் அடிப்பேன். ஆங்கிலேயர்கள் அலட்சியமாக விட்டுவிட்டுப் போன ஆங்கிலத்தை, லஸ் முனைக்கும் தெப்பக்குளத்துக்கும் நடுவில் நாலைந்து குடும்பங்கள்தான் கட்டிக் காப்பாற்றி வருவதாக அவருக்கு ஓர் எண்ணம். அவர் ஆங்கிலத்தில் பேசினால் கிரயப் பத்திரம் வாசிப்பது போலிருக்கும்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தேய்ந்த அச்சில் 'r' எழுத்தும் 'n' எழுத்தும் ஒட்டிக்கொண்டால் கம்ப்யூட்டர் அதை 'm' என்று படிக்கும். மாடர்ன் என்ற சொல், கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைக்கிற மோடம் ஆகிவிடும். குதிரை வண்டிக் காலத்துச் சீமாட்டி ஒருத்தி, தான் ஒரு மோடம் பெண் என்று பெருமை பேசுவாள். இதற்கெல்லாம் நாங்கள் பழகியிருந்தோம். கைகள் என்று அர்த்தம் தரும் ஆர்ம்ஸ் என்ற சொல்தான் விபத்தைக் கொண்டுவந்தது. அதன் நடு எழுத்துகள் கொஞ்சம் மங்கினால் போதும். கம்ப்யூட்டர் அதை உடம்பின் வேறொரு பாகமாகப் படித்துவிடும். மூல நோய் டாக்டர்கள் மட்டும் கூசாமல் சொல்லக்கூடிய பாகம்.

ஒரு காதல் நாவலில் கதாநாயகன் யுத்தத்திலிருந்து திரும்பி வருகிறான். கதாநாயகி தோட்டத்தின் குறுக்கே ஓடி வந்து, கம்ப்யூட்டரின் கணக்குப்படி, அவனுடைய அந்தப் பாகத்தில் விழுந்து விம்மி அழுகிறாள். எங்கள் வரிசையில் ஒருத்தி இதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் கவிழ்ந்துவிட்டாள். எல்லோரும் அவள் திரையைச் சுற்றிக் கூடிவிட்டோம். மூலத்தில் உள்ளபடி என்ற விதிக்கு இப்போதுதான் சரியான அர்த்தம் கிடைத்தது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, சார் பின்னால் நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கி அந்த வாக்கியத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"இனிமே நாவலெல்லாம் நேரா எங்கிட்ட வரட்டும்" என்றார். "பொண்கொழந்தேள் பாக்கற சமாசாரமா இது. நீங்கள்ளாம் சரித்திரம், தோட்டக்கலை, பிரயாணம், இதுகளைப் பாருங்கோ."

அந்தப் பெண்குழந்தைகளில் இரண்டு பேருக்குப் பிரசவம் ஆகியிருந்தது.

இப்படித்தான் நாவல்கள் எல்லாம் சார் கைக்குப் போயின. தப்பு கம்ப்யூட்டருடையது, எழுதியவருடையது அல்ல என்ற வித்தியாசம் அவர் மனதில் அன்றே அழிந்துபோயிருக்க வேண்டும். ஆரம்பத்தில் இலக்கணத்தில்தான் கை வைத்தார். நாவலாசிரியர் ஒரு வாக்கியத்தைச் சாருக்குப் பிடிக்காத சொல்லில் முடித்திருந்தால், சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு அந்தச் சொல்லை நடுவுக்குத் தள்ளுவார். "இவனை எப்படி ஸ்கூல்ல பாஸ் போட்டான்?" என்று முணுமுணுப்பார். பிறகு முத்தங்களுக்கு வந்தார்.

முதல் முத்தம் அந்தத் தோட்டத்து நாவலிலேயே இருந்தது. அவன் அவளை முத்தமிட்டான் என்ற வரியை அடித்துவிட்டு, அவளுக்கு ஆசி வழங்கினான் என்று எழுதியிருந்தார். சிக்கல் என்னவென்றால் அடுத்த வரியில் அவள் உச்சிமுதல் உள்ளங்கால்வரை நடுங்குகிறாள், மூச்சு வாங்குகிறது, தொப்பி வேறு கழன்று விழுகிறது. ஓர் ஆசிக்கு இத்தனை நடக்குமா என்று அவருக்கே தோன்றியிருக்கும். அவளுக்கு லேசாக ஜுரம் கண்டது என்று சேர்த்திருந்தார். இப்படியே போய், அந்த நாவலில் யாராவது யாரையாவது நெருங்கும்போதெல்லாம் ஒருவருக்கு ஜுரம் வந்தது. அதில் ஒரு ஜோடி ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போகும். சார், அந்தப் பெண்ணின் தகப்பனாரை எழுப்பி, சம்மதம் வாங்கி, பகலில் அனுப்பிவைத்தார். கடைசி அத்தியாயத்தில் அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. அது எப்படி நேர்ந்தது என்பதற்குப் புத்தகத்தில் ஆதாரமே கிடையாது.

சிவப்பு மை பக்கங்களோடு அவர் மேசைக்குப் போனேன்.

"சார், மூலத்துல முத்தம்னுதான் இருக்கு சார்."

"இருக்கட்டுமே."

"உள்ளபடியே போடணும்னு ரூல் சார்."

"இருக்கறதை எல்லாம் அப்படியே போடறதுக்கு நான் எதுக்கும்மா? அந்த மெஷினே போறுமே."

"இது மெஷின் பண்ணின தப்பு இல்ல சார். எழுதினவரே அப்படித்தான் எழுதியிருக்கார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார், வகுப்பில் மந்தமான மாணவிக்கு விளக்குகிற பொறுமையோடு. "மெஷின் பண்ற தப்பைத் திருத்தறோம். மனுஷன் பண்ற தப்பை விட்டுடறதா?"

என் இடத்துக்கு வந்து, அவருடைய இலக்கணத் திருத்தங்களை மட்டும் டைப் அடித்தேன், முத்தங்களை விட்டுவிட்டேன். இலக்கியத்தின் மீது எனக்கிருந்த பக்தி என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் வீம்பு. சார் அடுத்த பிரிண்டில் எல்லா முத்தங்களும் உயிரோடு இருப்பதைக் கண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் மறுபடி அடித்தார். நான் மறுபடி விட்டேன். அதிகாரி குமாஸ்தாவோடு சண்டை போட்டால் அவருக்குக் கௌரவக் குறைவு, குமாஸ்தா அதிகாரியோடு சண்டை போட்டால் வேலை போய்விடும். ஆகவே நாங்கள் இருவரும் மிகுந்த மரியாதையோடு ஒருவருக்கொருவர் குட் மார்னிங் சொல்லிக்கொண்டு ஒரு காதல் ஜோடியைச் சேர்த்துச் சேர்த்துப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

ஸ்கேனர் ஆபரேட்டருக்கு இதில் பெரிய சுவாரசியம்.

"இன்னா மேடம், இந்தக் கதைல அவன் அந்தப் பொண்ண இட்டுகினு ஓடறானா இல்லியா?" என்று கேட்டார். "புக்குல கீற படத்துல பாத்தா கட்டிப் புடிச்சிகினு நிக்கறாங்கோ. கீய செவப்பு இங்க்ல ஆசீர்வாதம்னு போட்டு கீது. ஆசீர்வாதம் இப்டிதான் பண்ணுவாங்களா உங்க மைலாப்பூர்ல?"

"நான் நங்கநல்லூர்" என்றேன்.

அது சாரின் காதிலும் விழுந்திருக்கிறது. மறுநாள் அந்தப் படத்தின்மேல் சிவப்பு மையில், கறை படிந்துள்ளது, நீக்கவும் என்று எழுதியிருந்தார். நான் அதையும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் முதலாளிதான் சண்டையை முடித்துவைத்தார். பார்சல் போகவேண்டிய நாள் தாண்டிக்கொண்டிருந்தது. சார் போட்ட திருத்தமெல்லாம் ஏறாமல் அந்த மாதம் யாருக்கும் சம்பளம் கிடையாது என்றார். படத்தைத் தூக்கி, முத்தங்களை எடுத்து, ஆசிகளையும் ஜுரங்களையும் நானே என் கையால் ஏற்றினேன். அதற்குப் பிறகு வந்த நாவல்களுக்கும் அதே கதி.

மழைக்காலம் முடிந்திருந்த சமயம் ஒரு நாள் காலையில் முதலாளி ஃபேக்ஸ் தாள்களோடு மாடி ஏறி வந்தார். சாயந்திரம் வருகிறவர் காலையில் வந்ததே எங்களுக்குச் சரியாகப் படவில்லை. நேராக என்னிடம் வந்து, "யம்மா, இத சத்தமா படி" என்றார். சார் எதிரே உட்கார்ந்திருந்தார்.

படித்தேன். அந்தத் தோட்டத்து நாவலின் மூலத்தையும் நாங்கள் அனுப்பியதையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான இடங்களில் சொற்கள் மாறியிருக்கின்றன. இவை கம்ப்யூட்டர் செய்யக்கூடிய பிழைகள் அல்ல. இதைச் செய்தவர் யார், யாருடைய அனுமதியோடு செய்தார் என்று உடனே தெரிவிக்கவும். முதல் பக்கம் இவ்வளவுதான்.

முதலாளி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் அவரவர் திரையில் என்றும் இல்லாத கவனத்தோடு பிழை தேட ஆரம்பித்தார்கள்.

"யாருவே இதுல கைய வச்சது?" என்றார் பொதுவாக. பிறகு என்னிடம், "நீதான டைப் அடிச்ச?"

நான் சாரைப் பார்த்தேன். சார் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் துடைத்தார்.

"சார் எழுதிக் குடுத்ததத்தான் அடிச்சேன்" என்றேன்.

"சாரே, அப்படியா?"

"ஆயிரம் பக்கம் பாக்கறேன். எந்தப் பக்கத்துல என்ன எழுதினேன்னு ஞாபகம் வச்சுக்க முடியுமா?" என்றார் சார். "அந்தப் பொண்ணு அடிக்கறச்சே ஏதாவது முன்ன பின்ன ஆயிருக்கலாம். சின்ன வயசு. கவனம் சிதறும்."

முன்ன பின்ன ஆனதில் நூற்றுக்கணக்கான முத்தங்கள் ஆசிகளாகிவிட்டன என்று பல வருஷம் ஆங்கிலத் துறைக்குத் தலைவராக இருந்த ஒரு மனிதர் சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவ்வளவு மட்டமான பொய்யை ஒருவர் இவ்வளவு நல்ல சட்டை போட்டுக்கொண்டு சொல்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலாளி என்னைப் பார்த்து, "இன்னைக்கே உங்கணக்க முடிச்சிருதேன், வீட்டுக்குப் போயிரு" என்று ஆரம்பித்தார். அதற்குள் ஸ்கேனர் ஆபரேட்டர் குறுக்கிட்டு, "அண்ணாச்சி, கையில இன்னொரு பேப்பர் கீதே, அது இன்னான்னு பாத்துடலாம்" என்றார்.

இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். விஷயம் எப்படித் தெரியவந்தது என்று அதில் இருந்தது. சிடியை வாங்கிய மதப் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமை ஆசிரியை நன்றி சொல்லி எழுதியிருக்கிறாராம். தான் தேடியவரையில், கூசாமல் குழந்தைகள் கையில் கொடுக்கக்கூடிய காதல் நாவல் இது ஒன்றுதானாம். இதே மாதிரிப் பள்ளிகள் அங்கே ஏராளமாக இருக்கின்றனவாம். ஆகவே மாற்றங்களைச் செய்தவர் மற்ற புத்தகங்களுக்கும் அதே சேவையைச் செய்ய இயலுமா, அதற்குத் தனிக் கட்டணம் தரத் தயாராக இருக்கிறோம்.

நான் படித்து முடிப்பதற்குள் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டுவிட்டார்.

"ஆக்சுவலா, அது நான் பண்ணினது" என்றார்.

ஒரே வாரத்தில் மாடியின் மூலையில் கண்ணாடி அறை கட்டி, எங்களுக்கு இரண்டு கோடையாக மறுக்கப்பட்டிருந்த ஏசியைச் சாருக்காக மாட்டினார்கள். புது விசிட்டிங் கார்டில் மாரல் எடிஷன்ஸ் என்ற பிரிவுக்கு அவர் தலைவர் என்றிருந்தது. அந்தப் பிரிவில் அவருக்குக் கீழே நான் ஒருத்திதான். என்னிடம் மன்னிப்பு கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "ஏசி ஒத்துக்கும் இல்லியோ, ஜலதோஷம் பிடிச்சுக்காதே" என்றார். அதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். வெளியே நல்ல வெயில்.

அதுவரை கம்ப்யூட்டர் செய்த தப்புகளைத் திருத்திச் சம்பளம் வாங்கினேன். இனிமேல் சரியாக இருப்பதைத் தப்பாக்கிச் சம்பளம் வாங்கவேண்டும். அமெரிக்காவிலிருந்து எதையெதை நீக்கவேண்டும் என்று விவரம் வந்தது. முத்தம் அதில் ஒரு சின்ன விஷயம். மது கூடாது, புகையிலை கூடாது, சீட்டாட்டம், நடனம், சூனியக்காரி, பெரியவர்களை எதிர்த்துப் பேசும் பிள்ளைகள், எதுவும் கூடாது. சார் முதலில் குஷியாகத்தான் வேலை செய்தார். கடல் கொள்ளைக்காரர்கள் கப்பலைப் பிடித்துவிட்டு எலுமிச்சை ஜூஸ் குடித்துக் கும்மாளம் போட்டார்கள். ஆனால் மதுவை எடுப்பதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. "குளிர் தேசத்துல ரெண்டு வாய் சாப்பிடறா. அதுல என்ன வந்தது?" என்றார். குதிரைப் பந்தயம் வருகிற ஓர் அத்தியாயத்தை எடுக்கச் சொன்னபோது இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. கிண்டியில் ரேஸ் நடக்கிற நாட்களில் சார் மதியமே கிளம்பிப் போய்விடுவதை நாங்கள் எல்லோரும் கவனித்திருந்தோம். யாரும் கேட்டதில்லை. மூன்றாம் நாள் அந்தக் குதிரைகளை வயலில் உழவிட்டார்.

பிறகுதான் அந்தப் பிரயாண நூல் வந்தது. ஓர் ஆங்கிலப் பெண்மணி இந்தியாவைச் சுற்றிப் பார்த்து எழுதியது. அதில் சென்னைக்கு ஓர் அத்தியாயம், அந்த அத்தியாயம் முழுக்க மயிலாப்பூர்த் திருவிழா. தேர் வருகிறது, நாயன்மார்கள் அறுபத்துமூன்று பேரும் பல்லக்குகளில் வருகிறார்கள், கூட்டம் கண்ணீர் விடுகிறது, கடைசியில் அந்த அம்மாளும் காரணம் தெரியாமல் அழுகிறாள். சார் அறையிலிருந்து வெளியே வந்து அதை எங்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அவர் ஒரு புத்தகத்தை ரசித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வெள்ளைக்காரி எப்படி எழுதியிருக்கா பாரு. எங்காத்து வாசல்ல நின்னுண்டுதான் பாத்திருக்கா. அந்த வளைவைச் சொல்றா பாரு, தேர் திரும்பற எடம், அது எங்காம்தான்."

அந்தப் பெண்மணியின் எழுத்தில் இலக்கணப் பிழைகள் நிறைய இருந்தன. ஒன்றைக்கூட அவர் தொடவில்லை.

நூலைப் படித்துப் பார்த்த அமெரிக்கக்காரர்களிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. விக்கிரக வழிபாட்டை உயர்வாகச் சொல்லும் பகுதிகள் எங்கள் பள்ளிகளின் குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல, சென்னை அத்தியாயத்தை நீக்கிவிடவும்.

சார் அதை வாங்கிப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"இவா யாரு எங்க கோயிலை எடுக்கச் சொல்றதுக்கு? ஒருத்தி கண்ணால பாத்து, மனசு உருகி எழுதியிருக்கா. நூறு வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் பேனாவால அடிச்சுடுவானா? எழுதினவா எழுதினபடி விடறதுதானே நியாயம்?"

"மூலத்துல உள்ளபடியா சார்?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். நான் கேட்டது அவருக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"அது வேற, இது வேற" என்றார்.

ஃபேக்ஸை எடுத்துக்கொண்டு பாத்திரக்கடைக்கு இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறு காரணம் இல்லை. முதலாளி ஒரு கல்யாணக் கூட்டத்துக்குச் சீர்ப் பாத்திரம் காட்டிக்கொண்டிருந்தார். சார் சொன்னதையெல்லாம் ஒரு குத்துவிளக்கைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.

"சார், கோயில் எங்கயும் போயிராது. இங்கனதான இருக்கு. நீங்க சாயந்திரம் போயி நல்லா கும்பிட்டுக்கிடுங்க. புஸ்தகத்துல இருந்து மட்டும் எடுத்துருவோம்" என்றார். "சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது. அவன் கேட்டத குடுத்தாத்தான் யாவாரம்."

"இது வியாபாரம் இல்லை" என்றார் சார்.

"பின்ன?"

கல்யாணக் கூட்டம் விளக்கின் எடையைக் கேட்டது. முதலாளி அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள் சார் வரவில்லை. ராஜினாமாக் கடிதம்தான் வந்தது. மூன்று பக்கம், சொந்தக் கையெழுத்தில், மாசுமறுவற்ற ஆங்கிலம். முதலாளி அதை என்னிடம் நீட்டி, "என்ன சொல்லுதாரு?" என்றார்.

"வேலைய விடறாராம்."

"அத ஒரு வரில சொல்லப்படாதா?" என்றார். பிறகு, "சரி, அந்த ரூம்ல நீ இருந்துக்கோ. ஏசிய சும்மா ஓடவிடாத."

அப்படித்தான் நான் மாரல் எடிஷன்ஸின் தலைவியானேன். என் முதல் வேலை அந்த அத்தியாயம். நீக்குவது சுலபம், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் மயிலாப்பூரை அப்படி ஒரேயடியாகத் தூக்கிப் போட எனக்கும் என்னவோ போலிருந்தது. சாரிடம் கற்ற வித்தையைத்தான் கையாண்டேன். திருவிழாவை மாநகராட்சி விழா ஆக்கினேன். தேர் ஒரு மாபெரும் மரவேலைக் கண்காட்சியாயிற்று. நாயன்மார்கள் அறுபத்துமூவரும் அறுபத்துமூன்று கவுன்சிலர்கள் ஆனார்கள். கவுன்சிலர்கள் பல்லக்கில் வருகிறார்கள், மக்கள் அவர்களைக் கண்டு கண்ணீர் விடுகிறார்கள். சென்னையில் கொஞ்ச காலம் இருந்த யாருக்கும் இதில் சந்தேகம் வந்திருக்காது. அமெரிக்காவிலிருந்து பாராட்டி ஃபேக்ஸ் வந்தது. உள்ளாட்சியின் மேல் இந்தியர்களுக்கு இருக்கும் ஈடுபாட்டைக் குழந்தைகள் தெரிந்துகொள்ள அந்த அத்தியாயம் உதவும் என்று எழுதியிருந்தார்கள்.

இன்னும் ஒரு வருஷம்போல இந்தத் திருப்பணி நடந்தது. அப்புறம் அமெரிக்க நிறுவனத்தை வேறொரு பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. அவர்களுக்குப் பழைய புத்தகங்களில் ஆர்வம் இல்லை, முத்தத்தோடும் சரி, முத்தம் இல்லாமலும் சரி. முதலாளி ஒரு நாள்கூட வருத்தப்படவில்லை. மாடியில் சுடிதார் பிரிவு திறந்தார். ஸ்கேனர் ஆபரேட்டருக்கு அங்கேயே துணி வெட்டும் பிரிவில் வேலை கொடுத்தார். நான் அடையாறில் ஒரு மருத்துவப் பத்திரிகைக்குப் பிழை திருத்தப் போனேன். அங்கே எல்லாப் பாகங்களையும் அவற்றின் சொந்தப் பெயரிலேயே எழுதலாம்.

அதற்கடுத்த டிசம்பரில் மாட வீதியில் சாரைப் பார்த்தேன். ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் காகிதக் கட்டு. அதே முழுக்கைச் சட்டை. என்னை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. க்ஷேமமாக இருக்கிறேனா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அத்தியாயத்தை எடுத்துட்டாளா?" என்றார்.

"இல்ல சார். இருக்கு" என்றேன். எடுக்கவில்லை என்பது உண்மைதானே.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தெரியும். நான் விட்டுட்டு வந்ததும் பயந்துட்டான். ஒருத்தராவது எழுந்து நின்னு கேக்கணும்மா. இல்லேன்னா எழுத்துக்கு என்ன மரியாதை?"

ஆமாம் சார் என்றேன். கையிலிருந்த கட்டைக் காட்டி, பக்கத்துச் சபா ஒன்றின் இசைவிழா மலருக்குப் பழைய பதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நாட்டியக் கச்சேரிகளில் பாடுகிற பதங்கள். வேறொருத்தி வீட்டில் தங்கிவிட்டு விடிந்தபின் வருகிற நாயகனின் மார்பில் நகக்குறியைப் பார்த்து நாயகி சண்டை போடுகிற விஷயம் அவற்றில் நிறைய வரும்.

"அதெல்லாம் எப்படி சார் பண்றீங்க?"

"எல்லாம் ஜீவாத்மா பரமாத்மா தத்துவம்தானே" என்றார். "அவன் வேறொருத்தி ஆத்துக்கெல்லாம் போகலை. தபஸ் பண்ணப் போயிருந்தான்னு போட்டிருக்கேன்."

"நகக்குறி?"

"காட்டு வழியா வந்திருக்கான். முள் கீறியிருக்கு." கொஞ்சம் யோசித்தார். "நீ ஒரு நாள் ஆத்துக்கு வந்து ப்ரூஃப் பாத்துக் குடேன். உனக்குத்தான் பழக்கம் இருக்கே."

அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு லஸ் பக்கம் நடந்தேன். போகவில்லை. மலர் வெளியானபோது ஒரு பிரதி வாங்கிப் பார்த்தேன். முதல் பதத்தின் கடைசி வரியிலேயே நாயகிக்கு லேசாக ஜுரம் கண்டிருந்தது.